துள்ளித் திரியும் குஞ்சிலிருந்து நோய் வருமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார் குடியாத்தத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

கேள்வி: பேரன் அடம்பிடித்தான் என்று மொபெட்டில் கூடை கட்டி வந்தவரிடம் 5 கலர் கோழிக்குஞ்சு வாங்கினேன். பேரனுக்கு 3 வயது. நாலாம் நாள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. மலத்தைச் சோதித்த டாக்டர், சால்மோனெல்லா கிருமி, கோழிக்குஞ்சிலிருந்து வந்திருக்கும் என்கிறார். பக்கத்து வீட்டில் டைபாய்டு என்கிறார்கள். குஞ்சுகளோ துள்ளித் திரிகின்றன. நோயில்லாத குஞ்சு எப்படி நோயைக் கொடுக்கும்? வாங்கிக் கொடுத்த என்மேல்தான் தப்பா?
- வாசகி, பள்ளிகொண்டா

பதில்: அம்மா, பேதி நிற்கும்வரை பேரனுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை விடாமல் கொடுங்கள். 1 லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக்கூடாது. கண் குழிவது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், இதில் எதைக் கண்டாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் அடங்கிவிடும்.

இது டைபாய்டு இல்லை. அந்தக் கிருமியும் சால்மோனெல்லா வம்சம்தான் என்றாலும், அது மனிதர் உடம்பில் மட்டும் குடியிருப்பது. கோழியிடமிருந்து வராது.

கோழியின் குடலில் சால்மோனெல்லா பாட்டுக்கு இருக்கும், கோழிக்கு ஒன்றும் ஆகாது. எச்சத்தில் வெளியே வந்து காலில் ஒட்டும். அலகால் இறகைக் கோதும்போது உடம்பெல்லாம் ஏறும். அதிலும் கலர் குஞ்சு என்பது, முட்டைக்கோழிப் பண்ணைக்கு உதவாது என்று பொரிப்பகத்தில் ஒதுக்கிய சேவல் குஞ்சு. அதற்குத்தான் சாயம் ஏற்றி விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான முட்டை ஒன்றாகப் பொரிகிற இடத்தில் ஒரு முட்டையில் கிருமி இருந்தாலும் பஞ்சோடு பறந்து மற்றதற்கும் ஒட்டும். அப்புறம் கூடை, வெயில், பசி. அலைக்கழிந்த குஞ்சு கிருமியை இன்னும் அதிகமாகக் கழியும்.

தப்பு யார்மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அணைக்கட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது என் வீட்டிலேயே இது நடந்தது. பத்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து, குளிர் தாங்காதே என்று சமையலறை மூலையில் 40 வாட் பல்பின் கீழ் வைத்தேன். மகளுக்கு 4 வயது. ஒரு குஞ்சின் பின்பக்கப் பஞ்சில் எச்சம் காய்ந்து கடுகு மாதிரி ஒட்டியிருந்தது. வலிக்கக் கூடாது என்று நகத்தால் மெல்ல மெல்லப் பிய்த்தெடுத்தாள். அதே கையால் முறுக்கை எடுத்துக் கடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குஞ்சுக்குப் பின்பக்கம் அடைபடக் கூடாதே என்றுதான் புத்தி போனது. அவள் கைமேல் போகவில்லை. மூன்றாம் நாள் 103 டிகிரி. டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் அந்தச் சின்னக் கையில் நாலு இடத்தில் குத்தினார்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அம்மா.

இனிமேல் 5 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கையில் குஞ்சைக் கொடுக்காதீர்கள். தள்ளி நின்று பார்க்கட்டும். மற்றவர்கள் குஞ்சைத் தொட்டாலும் அது திரிகிற தரையைத் தொட்டாலும் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பஞ்சாரம் கொல்லையில் இருக்கட்டும். குஞ்சு குடிக்கும் கிண்ணத்தைப் பாத்திரம் துலக்கும் இடத்தில் கழுவாதீர்கள். கொல்லைச் செருப்பு வீட்டுக்குள் வேண்டாம். உங்கள் வயதை எழுதவில்லை. 65 தாண்டியிருந்தால் உங்களுக்கும் இந்தக் கிருமி கடுமையாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2020-ல், ஊரடங்கில் பலர் வீட்டில் கோழி வளர்க்க ஆரம்பித்த வருஷம், கோழி வாத்து தொட்டு இப்படி நோய்ப்பட்டவர்கள் என்று அரசு கணக்கில் வந்தது மட்டும் 1,722 பேர்.

கேள்வி: வெள்ளைக் கழிச்சலுக்கு மூக்கில் சொட்டு மருந்து விட்டாச்சு. சால்மோனெல்லா வராதுதானே?
- வாசகர், ஒடுகத்தூர்

பதில்: வரலாம். வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட் என்ற வைரஸ் நோய். அந்தச் சொட்டு அதற்கு மட்டும்தான். நோய்க்குப் பெயர் தந்த ராணிக்கெட் உத்தராகண்டில் உள்ள ஊர். 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் நடக்கிற நம் ராணிப்பேட்டையோடு அதைக் குழப்பிக்கொண்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பிப்ரவரியில் நடக்கும் இலவச முகாமுக்குக் கோழிகளைத் தவறாமல் கொண்டுபோங்கள். கையை மட்டும் எப்போதும்போல் கழுவுங்கள்.

கேள்வி: வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைக் குஞ்சுகளின் தண்ணீரில் கரைத்து வைக்கலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: கூடாது. கிருமி முழுசாகப் போகாது. மருந்துக்குப் பழகிப்போன கிருமிதான் எச்சத்தில் வரும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கே அந்த மருந்து கேட்காமல் போகும். குஞ்சு சோர்ந்து நின்றால் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். செத்துவிட்டால் கையுறை போட்டு ஆழமாகப் புதையுங்கள். குப்பையில் வீசினால் நாய் இழுத்துவரும்.