பிணம் விழற நாவல் எழுதுறவங்க குழந்தைங்களுக்கும் எழுதலாமா?

கேள்வி: மூணு த்ரில்லர் நாவல் வந்திருக்கு, ஓரளவுக்குப் பேரும் இருக்கு. அக்கா பையனுக்கு ராத்திரி ராத்திரி சொன்ன கதை ஒண்ணு வளர்ந்து, பத்து வயசுப் பிள்ளைங்க படிக்கிற மாதிரி நாவலாயிடுச்சு. பதிப்பாளரோ "உங்க பேர் கெட்டுடும், வேற பேர்ல போடுங்க"ன்றார். என்ன செய்ய?

பதில்: பேர் கதை அப்புறம், மொதல்ல கையெழுத்துப் பிரதி எவ்ளோ நீளம்னு பாருங்க. பெரியவங்க த்ரில்லர் எண்பதாயிரம், ஒரு லட்சம் வார்த்தை போகும், இந்த வயசுக்கு முப்பதுல இருந்து அம்பதாயிரம் போதும், அதனால உங்களுக்குப் பழகின கிளைக்கதை, மூணு பேர் பார்வையில மாறி மாறி சொல்றது எல்லாத்தையும் வெட்ட வேண்டி வரும், வலிக்கும். அத்தியாய முடிவுல அடுத்து என்னன்னு இழுக்குற கொக்கி போடுறீங்களே, அது அப்படியே இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பயமும் ஓகேதான், நாமதான் அதுங்க பயந்துடும்னு பயப்படுறோம். ஆனா கடைசில ஒரு மாமாவோ போலீஸோ வந்து காப்பாத்திட்டா புக் அங்கயே செத்துடுச்சு, கதையோட முடிச்ச, அதுல வர்ற பிள்ளையேதான் அவுக்கணும். அதுக்குப் பெரியவங்களையும் செல்போனையும் நம்புற மாதிரி அப்புறப்படுத்தணும், கொலைகாரன ஒளிச்சு வைக்கிறத விட கஷ்டம் இது. இன்னொண்ணு, பிள்ளைங்க தன்னை விட ஒண்ணு ரெண்டு வயசு மூத்த ஹீரோவத்தான் தேடும், உங்க ஹீரோவுக்குப் பன்னெண்டு வயசு வைங்க.

அக்கா பையன் "சூப்பர்"னு சொன்னத நம்பாதீங்க, அவனுக்கு உங்களப் பிடிக்கும்! உங்கள யாருன்னே தெரியாத நாலு பிள்ளைங்களுக்கு சத்தமா படிச்சுக் காட்டி, எந்தப் பக்கத்துல நெளியுதுங்கன்னு குறிச்சுக்கோங்க.

இப்போ பேர். ஜேம்ஸ் பாண்ட் எழுதின இயன் ஃப்ளெமிங், பையனுக்குச் சொன்ன பறக்கும் கார் கதைய சொந்தப் பேர்லயேதான் எழுதினாரு. அவர் செத்துப் போன 1964லயே அது புத்தகமா வந்துச்சு, பாண்டுக்கு ஒண்ணும் ஆகல. அதனால பேர் கெடும்ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா பத்து வயசுப் பிள்ளை ஒண்ணு உங்க கதை பிடிச்சுப்போய் உங்க பேரத் தேடினா, அடுத்து வர்றது அட்டையில ரத்தம் சொட்டுற புக், அதுக்காக இனிஷியல மாத்தியோ பாதிப் பேர்லயோ போடுறது நல்லது. ரகசியமா மட்டும் வைக்காதீங்க, ஹாரி பாட்டர் எழுதின ரௌலிங் 2013ல வேற பேர்ல துப்பறியும் நாவல் போட்டு, எழுதினது அவங்கதான்னு சுமார் மூணு மாசத்துலயே வெளிய வந்துடுச்சு, வந்த பிறகுதான் அது பிச்சுக்கிட்டுப் போச்சு.

பணம் மெதுவாத்தான் வரும். த்ரில்லர் வந்த சூட்டுல விக்கும், குழந்தைப் புக் நின்னு விக்கும், வருஷா வருஷம் புதுசா பத்து வயசு ஆகுதுங்கல்ல. அதனால நாலாவது த்ரில்லர நிறுத்திடாதீங்க.

பதிப்பாளர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி பழைய அக்ரிமெண்ட்ட எடுங்க. "அடுத்த புத்தகத்த மொதல்ல எங்ககிட்டதான் காட்டணும்"னு ஒரு வரி இருக்கலாம், இருந்தா அதுல "அடுத்த த்ரில்லர்"னு இருக்கா, வெறும் "அடுத்த புத்தகம்"னு இருக்கா? ரெண்டாவதுன்னா இந்தக் குழந்தைக் கதையும் அவருக்குத்தான் மொதல்ல போகணும், இல்லன்னா குழந்தைங்களுக்குன்னே போடுற வேற பதிப்பகத்துக்கு நேரா அனுப்பிடுங்க.