காணியை விற்காமல் வெளிநாட்டில் படிக்கலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

புதுக்குடியிருப்பில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஜேர்மனியில் முதுமாணி முடித்துவிட்டு வந்தவள் நான். இப்போது கிளிநொச்சியில் வேலை. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் கோயில் வீதியிலும் மறித்துக் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போய், கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இவை.

முள்ளியவளையிலிருந்து ஒரு தந்தை: பிள்ளை, மகனை ஐரோப்பாவில் ஒரு கல்லூரிக்கு அனுப்ப ஏஜென்சி 38 இலட்சம் கேட்கிறது. இரண்டு ஏக்கர் வயலை விற்க ஆள் பார்த்துவிட்டேன். விற்கலாமா?

ஐயா, இப்போதைக்கு விற்க வேண்டாம். முதலில் அந்த 38 இலட்சத்தை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரிக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு, ஏஜென்சிக்கு எவ்வளவு, மகன் கையில் எவ்வளவு? கல்லூரிக் கட்டணம் கல்லூரியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேராகப் போகவேண்டும். "எங்களிடம் கட்டுங்கோ, நாங்கள் அனுப்புவம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அடுத்தது, அந்தக் கல்லூரியின் பட்டத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று பாருங்கள். சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ பெயர் இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். மகனுக்கு என்ன படிக்க விருப்பம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏஜென்சியும் கேட்டிராது.

அறிவியல்நகர் பொறியியல் பட்டதாரி: அக்கா, ஜேர்மனியில் படிப்பு இலவசம் என்பது உண்மையா?

உண்மைதான் தம்பி, ஆனால் படிப்பு மட்டும்தான் இலவசம். பெரும்பாலான மாநிலங்களில் அரச பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகப் பங்களிப்பு என்று 100 முதல் 400 யூரோ வரை கட்டவேண்டும். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள் அடங்கும். விதிவிலக்குகள் உண்டு. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது.

இலவசம் என்று கிளம்புகிறவர்கள் தடுக்கி விழுவது முடக்கக் கணக்கில். விசாவுக்கு முன் ஒரு வருடச் செலவுப் பணத்தை, அதாவது 11,904 யூரோவை, அந்தக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். ஒரு யூரோ 350 ரூபா என்று வைத்தால் 41 இலட்சத்து 66 ஆயிரம். அது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். அறை வாடகை, சாப்பாடு, சுமார் 140 யூரோவுக்கு மேல் வரும் மாணவர் மருத்துவக் காப்புறுதி எல்லாம் அதற்குள்தான். நான் காட்டிய பணத்தில் பாதி லண்டனில் இருக்கும் மாமாவுடையது. வட்டி இல்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் அறிவுரை. கைமாற்றோ சீட்டோ எடுப்பதென்றால், முதல் வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்கமுடியாது என்று நினைத்துக்கொண்டே எடுங்கள்.

விண்ணப்பச் செலவும் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்ற அமைப்பு ஊடாகத்தான் விண்ணப்பத்தை வாங்கும்; முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. உங்கள் பட்டம் ஆங்கில மொழியில் என்பதால், பீடத்திலிருந்து பயிற்றுமொழிக் கடிதம் ஒன்று எடுத்து வையுங்கள். சில இடங்களில் ஐஈஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக அதுவே போதும்.

அதே தம்பியின் துணைக்கேள்வி: ஏபிஎஸ் சான்றிதழ் எடுக்க எவ்வளவு காலம் எடுக்கும்?

உங்களுக்கு அது தேவையே இல்லை. ஏபிஎஸ் என்பது ஜேர்மனிக்குப் படிக்கப் போகுமுன் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நடைமுறை; அது இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களுக்கானது. தமிழ்நாட்டு யூடியூப்காரர் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள்தான் அதைக் கேட்டுவிட்டு இங்கே தேடி அலைகிறோம்.

வவுனியா, தாய்: மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, இங்கே பல்கலைக்கழகம் போக இசட் புள்ளிதான் போதவில்லை. எங்களிடம் காட்டுவதற்கு 40 இலட்சம் எல்லாம் கிடையாது. தகப்பனுக்குத் தோட்டம் மட்டும்தான்.

அக்கா, நீங்கள் இத்தாலியைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இத்தாலி என்றால் வேலைக்குப் போகும் நாடு என்றுதான் நினைப்பு. அங்கே அரச பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. வருமானம் குறைந்தால் கட்டணம் குறையும், மிகக் குறைவென்றால் முழுதாகவே நீங்கும். வெளிநாட்டு மாணவருக்கு நாட்டை வைத்து ஒரே தொகை போடும் பல்கலைக்கழகங்களும் உண்டு, அதுவும் பெரிதாக இராது. இதற்கு மேலே, ஒவ்வொரு பிராந்தியமும் தனித்தனியாகப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கிடைத்தால் கட்டணம் இல்லை, உணவகத்தில் சாப்பாடு, விடுதியில் இடம், கையிலும் ஒரு தொகை.

இதற்கு வேண்டியது உங்கள் வருமானத்தையும் சொத்தையும் காட்டும் கடிதங்கள். பிரதேச செயலகத்தில் வருமானச் சான்றிதழ், குடும்ப அங்கத்தவர் விபரம், காணி, வீடு பற்றிய விபரம். பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு, உறுதிப்படுத்தல். கிராம அலுவலர் "எவ்வளவு போட?" என்று கேட்டால் உள்ளதையே போடச் சொல்லுங்கள். அஸ்வெசும உதவிக்குக் கொடுத்த கணக்கும் இதுவும் வெவ்வேறாக இருந்தால் பிறகு சிக்கல்.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். புலமைப்பரிசில் விண்ணப்பம் பெரும்பாலும் கோடையிலேயே முடிந்துவிடும். பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் அது தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில பிராந்தியங்களில் "தகுதி உண்டு, நிதி இல்லை" என்ற பட்டியலிலும் பெயர் வரலாம். பணம் வந்தாலும் முதல் தவணை கைக்கு வர மார்கழி ஆகிவிடும், அதனால் நான்கு மாதச் செலவை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். விசாவுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 யூரோ காட்டவேண்டும். ஜேர்மனியோடு பார்த்தால் அது பாதிக்குச் சற்று மேல். பிள்ளை முதல் வருடத்தில் குறிப்பிட்ட அளவு கிரெடிட் (பாடங்களில் சித்தியடைந்தால் கிடைக்கும் புள்ளி) எடுக்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், அதையும் அவவுக்குச் சொல்லி வையுங்கள்.

மாங்குளம், மாணவர்: நோர்வேயில் பெரியப்பா இருக்கிறார். அங்கே எல்லாருக்கும் இலவசம் என்கிறார்.

பெரியப்பா போன காலத்தில் அப்படித்தான். 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அங்கேயும் கட்டணம். டென்மார்க் 2006இல், சுவீடன் 2011இல், பின்லாந்து 2017இல் முன்பே தொடங்கிவிட்டன. பெரியப்பா வீட்டில் அறை கிடைக்கும் என்றால் அது பெரிய உதவிதான், ஆனால் கட்டணம் அதனால் குறையாது.

பூநகரி, மாணவி: இந்தியாவில் படித்தால் மலிவு என்கிறார்கள். புலமைப்பரிசில் உண்டா?

உண்டு தங்கச்சி. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு ஐசிசிஆர் என்ற இந்தியக் கலாசார உறவுகள் பேரவை ஊடாகக் கொடுக்கிறது. இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் என்று தனித்தனிப் பெயர். கட்டணமும் மாத உதவித்தொகையும் அதில் வரும். மருத்துவம் இதில் இல்லை. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலும் துணைத் தூதரகம் இருக்கிறது. துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்கும் போட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கக் காசு இல்லை, தை 10 முதல் மாசி 20 வரை திறந்திருக்கும், இளமாணிக்கு 21 வயதுக்குள் இருக்கவேண்டும். விமானச் சீட்டும் தந்து, ஒரு வருடம் மொழியும் படிப்பிப்பார்கள்.

விசுவமடு, பெயர் வேண்டாம் என்றவர்: 2009இல் எல்லா ஆவணங்களும் போய்விட்டன. எங்கே தொடங்குவது?

இந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியும் அந்த மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோதான் கிடக்கிறது.

பிறப்புப் பதிவு இருந்தால் பதிவாளர் பிரிவிலிருந்து பிரதி எடுக்கலாம். பதிவுப் புத்தகமே அழிந்திருந்தாலோ, பதியப்படாமலே இருந்தாலோ, அனுமான வயதுச் சான்றிதழுக்குப் போடலாம். பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையத்திலேயே கேட்கலாம். சுட்டெண்ணும் ஆண்டும் வேண்டும். சுட்டெண் மறந்திருந்தால் பாடசாலைக்குப் போங்கள். அதிபர் மாறியிருப்பார், ஆனால் பழைய எழுதுநர் யாராவது இருப்பார்.

அப்புறம் பெயர் எழுத்து. நான் மாட்டிக்கொண்டது அதில்தான். கடவுச்சீட்டில் என் பெயரில் 'டி' மட்டும், உயர்தரச் சான்றிதழில் 'டி'க்குப் பின்னால் ஒரு 'எச்'. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் தன் காதுக்குப் பட்டபடி மூன்றாவதாக ஒன்றை எழுதிவிட்டார். விசா நேர்காணலில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக மேசையில் பரப்பி, பேனை முனையால் அந்த எச்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அன்றைக்குத் திரும்பிவந்து, மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொண்டுபோக ஆறு வாரம். ஆகவே கடவுச்சீட்டை முதலில் எடுங்கள். அதைப் பரீட்சைச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே எடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அதன் பிரதியைக் கையில் கொடுத்து, இதே எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கிளிநொச்சி ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவன மாணவர்: எனக்குப் பட்டம் இல்லை. என்விக்யூ என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ்தான். எனக்கு வழி இருக்கிறதா அக்கா?

பட்டதாரிகளை விட உங்களுக்குச் செலவு குறைந்த வழி இருக்கிறது. ஜேர்மனியில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முறை உண்டு: கிழமையில் சில நாள் வேலையிடம், சில நாள் பாடசாலை, மாதச் சம்பளம். சம்பளம் போதுமான அளவு இருந்தால் முடக்கக் கணக்கும் தேவையில்லை. தாதியப் பயிற்சி மூன்று வருடம். அரச துறை வைத்தியசாலைகளில் முதல் வருடமே பிடித்தங்களுக்கு முன் மாதம் 1,300 யூரோவுக்கு மேல் கொடுக்கிறார்கள். காசுக்குப் பதிலாக நீங்கள் கட்டுவது ஜேர்மன் மொழி. குறைந்தது பி1 நிலை, தாதியத்துக்குப் பல இடங்களில் பி2. அதற்கு ஒரு வருடமாவது ஒழுங்காக இருந்து படிக்கவேண்டும். "மொழி தேவையில்லை, ஐந்து இலட்சம் தாருங்கோ" என்பவர் உங்களை எங்கே இறக்கிவிடுவார் என்று யோசியுங்கள். இடங்களை ஜேர்மன் அரச வேலைவாய்ப்பு முகவரகத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

பலர் கேட்டது: பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டலாமா?

முடியாது. சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பகுதிக்கும் காணும். ஜேர்மனியில் மாணவருக்கு வருடத்தில் 140 முழுநாள் அல்லது 280 அரைநாள்தான் அனுமதி. பிரித்தானியா, அவுஸ்திரேலியாக் கட்டணத்தை உழைத்துக் கட்டிய கதைகளில் பாதிக்குப் பின்னால், பணம் கொடுத்த ஒரு அண்ணனோ அக்காவோ ஒளிந்திருப்பார். அவுஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் மட்டும் இப்போது 2,000 டொலர். விசா மறுத்தாலும் அது திரும்பி வராது.

மல்லாவி, ஆசிரியை, வயது 36: எனக்குக் காலம் கடந்துவிட்டதா தங்கச்சி?

இல்லை ரீச்சர். ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணிப் புலமைப்பரிசிலுக்கு வயதெல்லை இல்லை. கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை விண்ணப்பகாலம். உங்கள் வேலை அனுபவத்துக்குப் பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலும் பார்க்கலாம். அது குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. ஊக்கக் கடிதத்தில் "சிறுவயது முதலே கனவு" என்று தொடங்காமல், உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை கதிரைகள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்: மருத்துவம்?

செலவு குறைந்த வெளிநாட்டு மருத்துவம் என்று விளம்பரம் பார்த்தால், இலங்கை மருத்துவச் சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று சபையிடமே கேளுங்கள். திரும்பி வந்தபின் இங்கே தொழில் செய்ய ஈஆர்பிஎம் பரீட்சையும் எழுதவேண்டும். அதை எத்தனை தரம் எழுதுகிறார்கள் என்று எழுதியவர்களையே விசாரியுங்கள்.

கனகராயன்குளம்: இதற்கெல்லாம் எத்தனை தரம் கொழும்புக்குப் போகவேண்டி வரும்?

நினைப்பதை விடக் குறைவு. கடவுச்சீட்டை வவுனியாவிலேயே எடுக்கலாம். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் யாழ்ப்பாண அலுவலகத்தில் உறுதிப்படுத்தலாம். விசா நேர்காணலுக்கும் கைரேகைக்கும்தான் கொழும்பு. இரவு பஸ்ஸில் போனால் விடிய இறங்கலாம், தூக்கக் கலக்கம்தான். படம் எடுக்கும்போது 35க்கு 45 மில்லிமீற்றர் என்று சொல்லி எடுங்கள், வெள்ளைப் பின்னணி, இரண்டு பிரதி கூடுதலாக. தூதரகத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் விலை இரண்டு மடங்கு.