இளையர் சாஃப்ட்பால் போட்டிகளுக்கு நடுவர்களைத் திரட்டுவதும் ஊதியம் தருவதும்: கேள்வி பதில்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது, இளையர் சாஃப்ட்பால் போட்டிகளை ஏற்பாடு செய்பவர்களிடமிருந்து நடுவர்களைப் பற்றிய கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. நீண்ட காலம் நடுவராக நின்றும், பின்னர் போட்டிகளுக்கு நடுவர்களை ஒதுக்கித் தரும் பொறுப்பில் இருந்தும் நான் அறிந்துகொண்டவற்றை வைத்து, வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வணக்கம் அக்கா. எங்கள் மன்றம் 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டியை முதன்முறையாக நடத்தப் போகிறது. திடலும் கிடைத்துவிட்டது, அணிகளும் சேர்ந்துவிட்டன, நடுவர்கள்தான் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது? (ஒரு பெற்றோர், சுவா சூ காங்)

திடலுக்கு முன்பதிவு செய்யும் நாளிலேயே நடுவர்களையும் கேட்டு வைத்துவிட வேண்டும். திடல், அணிகள், கோப்பை, டி-சட்டை எல்லாம் முடிந்த பிறகு நடுவர்களைத் தேடத் தொடங்குவதுதான் இங்கே பெரும்பாலான போட்டிகளில் நடக்கிறது. அதற்குள் அனுபவமுள்ளவர்கள் வேறு போட்டிக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் சிங்கப்பூர் பேஸ்பால் சாஃப்ட்பால் சங்கத்தைத் தொடர்புகொண்டு, பயிற்சி பெற்ற நடுவர்களைக் கேளுங்கள். அவர்கள் எல்லா ஆட்டங்களுக்கும் கிடைக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, புதியவர்களையும் உருவாக்கத் தொடங்குங்கள். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக சாஃப்ட்பால் ஆடிவிட்டு, இப்போது தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆட்டத்தை விட்டு விலகி ஓரிரு ஆண்டுகளே ஆனதால், விதிகள் அவர்கள் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கும். நட்சத்திர ஆட்டக்காரர்களை மட்டும் தேடாதீர்கள். முதல் இரண்டு பேஸ்களிலும் ஓட்டக்காரர்கள் நிற்க, இரண்டு அவுட் விழாத நிலையில் பந்து உள்திடலில் உயரே எழும்பியதும், பெஞ்சில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தபடியே “இன்ஃபீல்ட் ஃப்ளை” (பந்து பிடிக்கப்படாவிட்டாலும் அடித்தவர் அவுட் என்னும் விதி) என்று நடுவருக்கு முன்னால் சொல்லிவிடும் ஒரு பிள்ளை எல்லா அணியிலும் இருக்கும். நல்ல நடுவர் அங்கிருந்துதான் வருகிறார்.

குழுவில் பொதுவாக ஓர் அறிவிப்புப் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, “இந்தச் சனிக்கிழமை, இந்தத் திடலில், இத்தனை ஆட்டம், இவ்வளவு வெள்ளி, உன்னோடு நிற்கப்போகும் மூத்த நடுவர் இவர்” என்று முழுமையாகச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். நடுவராக நிற்க ஆசை இருக்கிறது. தவறான முடிவு சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. எப்படித் தொடங்குவது? (தெம்பனிஸ்)

தம்பி, முதல் போட்டியில், பந்தடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க ஒப்புக்கொள்ள வேண்டாம். பேஸ் நடுவராக, சிறிய வயதுப் பிரிவில், மூத்தவர் ஒருவருடன் தொடங்குங்கள். முதல் பேஸுக்குப் பந்தும் ஓட்டக்காரரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துசேரும் தருணங்கள்தான் உங்களை அதிகம் சோதிக்கும். பந்து எறியப்படும் திசைக்குச் செங்கோணமாக, பேஸிலிருந்து ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விலகி, அசையாமல் நில்லுங்கள். கண் பேஸின் மீதும் ஓட்டக்காரரின் பாதத்தின் மீதும் இருக்கட்டும். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேளுங்கள். எந்த ஒன்று முந்தியது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு, பந்து கையுறையில் நிலைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் பொறுத்து, அதன் பின்னரே கையை உயர்த்துங்கள். புதியவர்கள் சொல்லும் தவறான முடிவுகளில் பல, அவசரத்தால் வருபவை.

இன்னொன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: சாஃப்ட்பாலில் பிட்சரின் கையை விட்டுப் பந்து விடுபடும்வரை ஓட்டக்காரர் பேஸை விட்டு நகரக்கூடாது. பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர்களின் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும்.

முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் கவசம் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே வாங்கிவிடாதீர்கள். ஏற்பாட்டாளர் இரண்டு செட் வைத்திருந்து இரவல் தர வேண்டும். எண்ணிக்கைக் கருவியும் பிளேட் துடைக்கும் தூரிகையும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

எட்டு அணிகள், இரண்டு திடல்கள், இரண்டு நாள்கள். எத்தனை நடுவர்கள் தேவை? சென்ற முறை நால்வரை வைத்து ஒப்பேற்றினோம். பிற்பகலில் எல்லோரும் களைத்துவிட்டார்கள். (போட்டி ஏற்பாட்டாளர், பிடோக்)

அந்த நால்வரில் எத்தனை பேர் இந்த ஆண்டு மீண்டும் வரச் சம்மதித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடுவர் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நாமே அட்டவணையின் வழியாக உண்டாக்கியது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் போடுவோம். நான்கு அணிகள் கொண்ட இரு பிரிவுகள் என்றால் பிரிவு ஆட்டங்கள் 12. அரையிறுதி, மூன்றாம் நிலை, இறுதி என்று மேலும் 4. முதல் நாள் ஒவ்வொரு திடலிலும் 5 ஆட்டங்கள் வைத்தால் 10 முடிந்துவிடும். மீதி 6 மறுநாளுக்கு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்: 8.00, 9.45, 11.30, 1.15, 3.00. இளையர் ஆட்டங்களில் பிட்சர்கள் தொடர்ந்து ‘பால்’ (அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் பந்து) வீசுவதால் ஓர் இன்னிங்ஸே அரை மணி நேரம் இழுத்துவிடக்கூடும். எனவே “75 நிமிடத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கப்படாது” என்ற விதி இல்லாமல் எந்த அட்டவணையும் நிற்காது.

இப்போது ஒரு திடலுக்கு மூன்று நடுவர்களை வையுங்கள். பேஸில் நின்றவர் அடுத்த ஆட்டத்தில் பிளேட்டுக்குப் போகிறார். பிளேட்டில் நின்றவர் அடுத்த ஆட்டத்தில் ஓய்வெடுக்கிறார். ஓய்வில் இருந்தவர் பேஸுக்கு வருகிறார். கவசத்துக்குள் ஒன்றரை மணி நேரம் குனிந்து எழுந்தவருக்கு உடனே ஓய்வு கிடைக்கும் என்பதால்தான் இந்த வரிசையை நான் வலியுறுத்துகிறேன். ஐந்து ஆட்டங்களில் இருவர் தலா மூன்று ஆட்டமும், முதல் ஆட்டத்தைப் பேஸில் தொடங்குபவர் மட்டும் நான்கு ஆட்டமும் நிற்பார்கள். அந்த நான்காட்ட இடத்தை வயதில் இளையவருக்கோ புதியவருக்கோ தராதீர்கள். யாரும் இரண்டு முறைக்கு மேல் பிளேட்டில் நிற்கமாட்டார்கள். ஆக, இரு திடலுக்கு அறுவர், யாராவது வராமல் போனால் நிரப்ப ஒருவர், மொத்தம் ஏழு பேர்.

வானிலை ஆய்வகம் வெளியிடும் வெப்ப அழுத்த அளவு 33 டிகிரியை எட்டினால் அது உயர்நிலை. நண்பகலில் அந்த நிலை வரும் நாள்களில், ஒவ்வோர் அரை இன்னிங்ஸ் முடிவிலும் பிளேட் நடுவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்றே ஒரு தொண்டூழியரை நியமியுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

எட்டு மணி ஆட்டத்தின் நடுவர்கள் ஏழேகால் மணிக்கு காலாங் திடலில் இருக்க வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயில் மற்ற நாள்களைவிடப் பிந்திப் புறப்படுவதை மறக்காதீர்கள். முதல் ஆட்டத்தை அருகில் வசிப்பவருக்குக் கொடுங்கள். பந்து 11 அங்குலமா 12 அங்குலமா, ஓட்ட வித்தியாசம் எவ்வளவு இருந்தால் ஆட்டம் முடிக்கப்படும், சமநிலையானால் இரண்டாம் பேஸில் ஓட்டக்காரரை வைத்துத் தொடங்குவீர்களா என்பவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி மூன்று நாள்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

மன்றத்தின் பொருளாளராக இருக்கிறேன். ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது, எப்போது, எப்படிக் கொடுப்பது? மத்திய சேம நிதி செலுத்த வேண்டுமா? (உட்லண்ட்ஸ்)

நாள் கணக்கில் கொடுக்காமல் ஆட்டக் கணக்கில் கொடுங்கள். பிளேட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். கணக்குக்காக மட்டும், பிளேட்டுக்கு 50 வெள்ளி, பேஸுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன சுழற்சியில், முதல் ஆட்டத்தைப் பிளேட்டில், பேஸில், ஓய்வில் தொடங்கும் மூவருக்கும் முறையே 140, 180, 130 வெள்ளி வரும். ஒரு திடலுக்கு 450, இரு திடலுக்கு 900. மாற்று நடுவருக்கு, அவர் ஆட்டத்தில் இறங்காவிட்டாலும், 60 வெள்ளி கொடுத்தால் 960. எட்டு அணிகள் பகிர்ந்தால் அந்த நாளுக்கு அணிக்கு 120 வெள்ளி. இதைப் பதிவுக் கட்டணத்தில் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். மிஞ்சும் பணத்தில் நடுவருக்குக் கொடுப்போம் என்ற போட்டியில் பணம் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

வியர்வை உலரும் முன் கூலி தர வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கைத்தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் இருக்கும்போது அதைச் செய்யாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. அன்றைய கடைசி ஆட்டம் முடிந்ததும், நடுவர் திடலை விட்டுப் புறப்படும் முன் அனுப்பிவிடுங்கள். “குழுக் கூட்டம் முடிந்து, காசோலையில் இருவர் கையெழுத்திட்ட பிறகு” என்று ஆறு வாரம் இழுத்தடித்தால், அடுத்த முறை அந்த மாணவர் உங்கள் அழைப்பை எடுக்கமாட்டார். அதில் அவர்மேல் தவறே இல்லை. கைத்தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு அனுப்புங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்டுப் பட்டியலில் எழுதி வைக்காதீர்கள். சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவரது அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணைத் திரட்டக் கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது.

ஆட்டத்துக்கு ஆட்டம் வந்துபோகும் நடுவர் பொதுவாகச் சுயதொழில் செய்பவராகவே கருதப்படுவார். அவருக்காக நீங்கள் சேம நிதி செலுத்த வேண்டியதில்லை. மாதச் சம்பளம், குறித்த வேலை நேரம் என்று வைத்தால் நிலைமை மாறும். வருமானத்தை வரிக்குத் தெரிவிப்பது நடுவரின் பொறுப்பு. சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் அவர் மருத்துவச் சேமிப்பான மெடிசேவுக்கும் பணம் செலுத்த வேண்டும். எனவே தேதி, ஆட்டம், தொகை மூன்றும் கொண்ட சிறிய ரசீது ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இங்கு வேலை செய்கிறேன். சென்னையில் நடுவராக இருந்திருக்கிறேன். இங்கு ஊதியம் பெற்றுக்கொண்டு நிற்கலாமா? (பொங்கோல்)

கூடாது. உங்கள் அனுமதி, அதில் குறிப்பிடப்பட்ட முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டுமே. உங்களுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டாளருக்கும் சிக்கல் வரும். ஊதியமின்றி உதவ விரும்பினாலும், மனிதவள அமைச்சிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவிகளை நடுவர்களாக வைக்கலாமா? (ஓர் ஆசிரியை)

பயிற்சியாக, தங்களைவிடச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில், மூத்தவர் துணையுடன் வைக்கலாம். ஊதியம் கொடுப்பதென்றால், 16 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவதில் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் பள்ளியின் ஒப்புதலும் முதலில் வேண்டும். நீங்கள் பணம் பெற்றுக்கொண்டு நடுவராக நிற்க நினைத்தால், உங்களுக்கும் மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும், அம்மா.

பெற்றோர் கூச்சலிட்டதில் எங்கள் இளம் நடுவர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் அழுதுவிட்டார். எப்படித் தடுப்பது? (ஒரு பயிற்றுவிப்பாளர்)

இதைப் படிக்கவே மனம் கனக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளையை நாற்பத்தைந்து வயதுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து திட்டுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

நடுவரிடம் பேசும் உரிமை தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கே என்று அணிப் பதிவின்போதே எழுதி வாங்குங்கள். அவரும், நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக மட்டுமே, அடுத்த பந்து வீசப்படும் முன், முறையிடலாம். ஸ்டிரைக்கா பாலா, சேஃபா அவுட்டா என்பவை நடுவரின் கணிப்புகள். அவற்றின்மீது முறையீடு கிடையாது. பார்வையாளர் கூச்சலிட்டால் நடுவர் அவருக்குப் பதில் சொல்லக்கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, அந்த அணியின் பயிற்றுவிப்பாளரை அழைத்து, “அவரை அமைதிப்படுத்துங்கள், அதுவரை ஆட்டம் தொடராது” என்று சொன்னால் போதும். போட்டி இயக்குநர் உடனே வந்து நடுவரின் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் அணியின் பெற்றோராக இருந்தால், முதலில் எழுந்து போக வேண்டியவர் நீங்கள்தான், ஐயா.

அழுத அந்தப் பிள்ளையை இன்றே அழையுங்கள். அடுத்த ஆட்டத்தை மூத்தவர் ஒருவரோடு சேர்த்துக் கொடுங்கள்.

மழையால் ஆட்டம் நின்றால் ஊதியம் உண்டா? (மீண்டும், பிடோக் ஏற்பாட்டாளர்)

சிங்கப்பூரில் இதை எழுதி வைக்காமல் போட்டி நடத்தவே கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலை ஆட்டங்களைக் கெடுக்கும். மற்ற நாள்களில் பிற்பகல் இடிமழை. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் எந்த விவாதமும் இன்றி எல்லோரும் கூரைக்கு அடியில் வந்துவிட வேண்டும். எச்சரிக்கை நீங்கும்வரை ஸ்கோர் என்ன, எத்தனை அவுட் என்ற பேச்சே எழக்கூடாது.

நான் பின்பற்றும் முறை இது: முதல் பந்து வீசப்பட்டுவிட்டால் முழு ஊதியம், நடுவர் திடலுக்கு வந்த பிறகு ரத்தானால் பாதி, காலை ஆறு மணிக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டால் ஊதியம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கூரைக்கு அடியில் காத்திருக்க வைத்தால், ஆட்டம் பின்னர் நடந்தாலும், காத்திருந்த நேரத்துக்கு ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுங்கள். இந்த நான்கு வரிகளையும், விதிகள் எழுதிய அதே பக்கத்தின் அடியில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.