தொலைக்காட்சியில் பணிபுரியும் பெண்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

ஜேம்ஸ் எல். புரூக்ஸ் எழுதி இயக்கி, 1987இல் வெளிவந்த ‘பிராட்காஸ்ட் நியூஸ்’. வாஷிங்டனில் இயங்கும் ஒரு செய்திப் பிரிவில் தயாரிப்பாளராக இருக்கும் ஜேன் கிரெய்க் என்ற பெண்ணாக ஹாலி ஹன்டர் நடித்திருக்கிறார். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் இப்படத்துக்கு ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தருமபுரியில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி ஒன்றில் ஆறு ஆண்டுகள் படத்தொகுப்புப் பணி செய்தவள் நான். ஒளிபரப்புக்குச் சில நொடிகளே இருக்கும்போது, தொகுத்து முடித்த டேப்பைத் தூக்கிக்கொண்டு, படத்தில் ஜேனின் சக ஊழியராக நடித்த ஜோன் குசாக், திறந்து கிடக்கும் இழுப்பறைக்கு அடியில் குனிந்தும் குறுக்கே வந்த குழந்தையைத் தாண்டியும் ஓடும் காட்சியில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்போடு படபடப்பும் வந்துவிடும். காவிரியில் நீர்வரத்து பெருகும் ஆடி மாதத்தில், ஒகேனக்கல்லில் எடுத்த காட்சிகள் அடங்கிய மெமரி கார்டைப் பென்னாகரத்திலிருந்து வரும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஏழு மணிச் செய்திக்கு இருபது நிமிடம் இருக்கையில், என்னுடன் பணிபுரிந்த பெண் பேருந்து நிலையத்திலிருந்து அதை வாங்கிக்கொண்டு இப்படித்தான் ஓடி வருவாள்.

தொழிலை உள்ளே இருந்து பார்த்தவர்களின் துணையில்லாமல் இவ்வளவு நுட்பம் வந்திருக்காது. ஜேனுக்கு முன்மாதிரியாக இருந்த செய்தித் தயாரிப்பாளர் சூசன் சிரின்ஸ்கி, படத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். பின்னர் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸின் செய்திப் பிரிவுக்கு முதல் பெண் தலைவரானார்.

ஆனால் இப்படத்தை நான் மறக்க முடியாததற்குக் காரணம் வேறு. ஜேனின் செய்திப் பிரிவில் பணிபுரியும் செய்தியாளர் டாம், வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தியைப் பேட்டி காணும்போது, அவள் பேசுவதைக் கேட்டுக் கண்கலங்குவது ஒளிபரப்பாகிறது. பேட்டிக்குப் போனது ஒரே ஒரு கேமரா என்பதைச் சக செய்தியாளர் சொல்லக் கேட்ட ஜேன், ஒரே கேமராவால் இருவர் முகத்தையும் ஒரே நேரத்தில் எடுத்திருக்க முடியாதே என்று மூலப் பதிவைப் போட்டுப் பார்த்து, அந்தக் கண்ணீர் பேட்டி முடிந்த பிறகு வரவழைத்துப் படமாக்கப்பட்டது என்று அறிகிறாள். எங்களிடமும் ஒரு கேமராதான் இருந்தது. கேள்வி கேட்பவர் தலையசைப்பதைக் கடைசியில் தனியாக எடுத்து நடுவில் ஒட்டுவது எங்கள் அன்றாட வழக்கம். நானே பலமுறை ஒட்டியிருக்கிறேன். தலையசைப்பு, தொகுப்பில் காட்சியை வெட்டிய இடத்தை மறைப்பதற்கான ஒரு துணை மட்டுமே. கண்ணீரோ பார்ப்பவரின் மனத்தைத் தொடுவதற்காகக் காட்டப்படுவது. அதை இரண்டாம் முறை எடுத்தால் அது பொய்யாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது இப்படம்தான். அதனால்தான், தான் காதலிக்கும் டாமுடன் பயணம் புறப்பட விமான நிலையம்வரை வந்துவிட்ட ஜேன், அவனோடு போக மறுத்துத் திரும்பும்போது, அவள் பக்கமே நான் நிற்கிறேன்.