பேடல் ரெக்கெட் எது வாங்குறது? நீங்க கேட்டதுக்கு என் பதில்

வணக்கம் எல்லாருக்கும். பேடல்னா கண்ணாடியும் கம்பி வலையும் சூழ்ந்த கோர்ட்ல ஜோடியா ஆடுற, டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டம். ரெக்கெட் வாங்குறதுல சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், கோலாலம்பூர்ல இருந்தும் பினாங்குல இருந்தும் நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகள சேத்து பதில் சொல்றேன்.

செந்தூல்ல இருந்து ஒரு தம்பி: அண்ணே, பதினஞ்சு வருஷமா பேட்மிண்டன் ஆடுறேன், ஸ்மாஷ் தான் என் பலம். பேடலுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. டைமண்ட் ஷேப் வாங்கலாமா?

வேணாம் தம்பி, இப்ப வேணாம். நம்ம ஊர்ல நெறைய பேரு பேட்மிண்டன்ல இருந்து தான் வர்றாங்க, நம்ம மலேசிய பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் ஸ்மாஷ பாத்து வளந்தவங்க நாம, அதனால கைக்கு முதல்ல வர்றது அடி தான். ஆனா பேடல்ல பின்னாடி கண்ணாடி இருக்குல்ல, நீங்க பலமா அடிச்ச பந்து தரையில பட்டு கண்ணாடியில மோதி எதிராளிக்கு நல்லா வாட்டமா எழும்பி வந்து நிக்கும், அவரு நிதானமா திருப்பிக் குடுப்பாரு. கோர்ட்டே 20 மீட்டருக்கு 10 மீட்டர் தான், ஸ்பீடு கூடக்கூட பந்து எதிராளிக்கு சாதகமா போயிடும். மொத ஆறு மாசம் நீங்க கத்துக்க வேண்டியது கண்ணாடியில பட்டு வர்ற பந்த எடுக்கிறது, லோப் போடுறது (எதிராளி தலைக்கு மேல உயரமா தூக்கிப் போடுறது), வாலி (பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிக்கிறது). இது மூணுக்கும் ரவுண்ட் ஷேப் தான் சரி. அதுல ஸ்வீட் ஸ்பாட், அதாவது பந்து பட்டா நல்லா போற இடம், நடுவுல பெருசா இருக்கும், வெயிட்டும் கைப்பக்கம் இருக்கும், கொஞ்சம் தப்பா பட்டாலும் பந்து ஒழுங்கா போகும். டைமண்ட்ல அகலமும் வெயிட்டும் மேல ஏறிடும், ஸ்வீட் ஸ்பாட்டும் சின்னதாகி மேல போயிடும், லேட்டா எடுத்தீங்கன்னா பந்து எங்க போகும்னே தெரியாது.

இன்னொன்னும் கேளுங்க. பேட்மிண்டன் ரெக்கெட் 85 கிராம் கிட்ட இருக்கும், பேடல் ரெக்கெட் 360 கிராம் கிட்ட, நாலு மடங்கு. அதே மணிக்கட்டு சுழட்டல இதுல போட்டா மணிக்கட்டு தாங்காது. தோள்ல இருந்து அடிக்க பழகுங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து ஒரு அக்கா: ரெண்டு மாசமா முழங்கை வலிக்குது. கடையில விக்கிறவர் ஃபுல் கார்பன் தான் நல்லதுன்னு சொல்லி குடுத்தாரு. ரெக்கெட்னால தான் வலிக்குதா?

அக்கா, முதல்ல டாக்டர பாருங்க, வலியோட ஆடாதீங்க. ரெக்கெட்டும் காரணமா இருக்கலாம். கார்பன் முகம், அதாவது பந்து படுற பரப்பு, விறைப்பா இருக்கும், உள்ள இருக்கிற ஈவிஏ ரப்பரும் ஹார்டா இருந்தா அதிர்வு நேரா கைக்கு ஏறும். உங்களுக்கு ஃபைபர்கிளாஸ் முகம், சாஃப்ட் ஈவிஏ, ரவுண்ட் ஷேப், 340ல இருந்து 355 கிராமுக்குள்ள பாருங்க. ரொம்ப லேசா போனாலும் நல்லதில்ல, பந்தோட வேகத்த ரெக்கெட் வாங்காம உங்க கை வாங்கும். பிடியையும் கவனிங்க, பேடல் ரெக்கெட்டுக்கு டென்னிஸ் மாதிரி கிரிப் சைஸ் பாத்து வாங்குற வழக்கம் இல்ல, பெரும்பாலும் மெலிசா தான் வரும். மெலிசா இருந்தா நீங்க இறுக்கிப் பிடிப்பீங்க, அந்த இறுக்கம் தான் முழங்கைக்குப் போகுது. ஓவர்கிரிப் ஒண்ணோ ரெண்டோ சுத்தி விரலுக்கு பதமா ஆக்கிக்குங்க. ஒரு ஓவர்கிரிப் அஞ்சு கிராம் கிட்ட இருக்கும், அந்த வெயிட் கைப்பக்கம் சேர்றதால தலைப்பக்க பாரமும் குறைஞ்ச மாதிரி இருக்கும், இத நெறைய பேரு யோசிக்கிறதே இல்ல.

பூச்சோங் தம்பி: 3கே, 12கே, 18கே, நம்பர் பெருசா இருந்தா ரெக்கெட் நல்லதா?

இல்ல. 3கேன்னா ஒரு கார்பன் இழைக்கட்டுல 3000 இழை, 12கேன்னா 12000, அவ்ளோ தான். அத எப்படி நெய்யுறாங்க, எந்த ரெசின், உள்ள எந்த ரப்பர், இதெல்லாம் சேந்து தான் கைக்கு ஒரு உணர்வு வரும். நம்பர பாத்து காசு குடுக்காதீங்க.

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அண்ணன்: ரெக்கெட் வாங்கி ஆறு மாசம் தான், பந்து முன்ன மாதிரி போகல, சத்தமும் மாறிடுச்சு. எப்பவும் காடி பூட்டுல (பின்னாடி சாமான் வைக்கிற டிக்கியில) தான் இருக்கும்.

அண்ணே, பூட்டு தான் காரணம்னு நெனைக்கிறேன். வெயில்ல நிக்கிற காடிக்குள்ள என்ன சூடு ஏறும்னு உங்களுக்கே தெரியும், அந்த சூட்டுல ரப்பர் இளகிடும், முகத்துக்கும் ரப்பருக்கும் நடுவுல இருக்கிற ஒட்டும் விட்டுக்குடுக்கும். போனது திரும்பி வராது. விரல் முட்டியால முகம் முழுக்க தட்டிப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் சத்தம் பொத்துன்னு வந்தா உள்ள விட்டுப்போச்சு. பழைய ரெக்கெட் வாங்குறவங்களும் இதையே செய்ங்க, ஓட்டை சுத்தியும் பிடிக்கு மேல இருக்கிற கழுத்துப் பகுதியிலயும் கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. நான் வாங்கின ரெண்டாவது ரெக்கெட்ட பார்க்கிங்ல விட்டுட்டு ஆபீஸ் போவேன், நல்லா ஆடிட்டு இருந்தது நாலே மாசத்துல செத்துப்போச்சு, இன்னைக்கும் மனசு கேக்கல. இப்ப சூடு ஏறாத தெர்மல் பேக், அதுவும் வீட்டுக்குள்ள தான்.

பாயான் லெப்பாஸ்ல இருந்து ஒரு தங்கச்சி: நானும் வீட்டுக்காரரும் ஜோடியா ஆடுறோம், அவரு இடது பக்கம், நான் வலது பக்கம். ஒரே ரெக்கெட் ரெண்டு வாங்கினா மலிவா தர்றாங்க.

ரெண்டு பேரும் புதுசுன்னா ஒரே ரவுண்ட் வாங்கிக்குங்க, தப்பில்ல. கொஞ்ச நாள் ஆடினவங்கன்னா வேணாம்மா. ரெண்டு பேரும் வலது கையின்னா நடுவுல உயரமா வர்ற பந்து இடது பக்கத்துல நிக்கிறவரோட வலது கைக்கு தான் வசதியா வரும், ஸ்மாஷ் அவருக்கு தான் அதிகம், அவருக்கு ரவுண்டுக்கும் டைமண்டுக்கும் நடுவுல இருக்கிற டியர்டிராப் ஷேப் பொருந்தும். நீங்க ஆட்டத்த கட்டி நடத்துறவங்க, பந்த தாழ்வா வெச்சு அவருக்கு வாய்ப்பு உண்டாக்குறவங்க, உங்களுக்கு ரவுண்ட். வலது பக்கம் லேசான வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கிள்ளான் அண்ணன்: டென்னிஸ் ரெக்கெட்லயே ஆடலாமா?

முடியாதுண்ணே. பேடல் ரெக்கெட்டுக்கு நரம்பே கிடையாது, ஓட்டை போட்ட கெட்டியான முகம், நீளம் 45.5 செண்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. மணிக்கட்டுல மாட்டுற கயிறும் ரூல்படி கட்டாயம், அத வெட்டி எறியாதீங்க, கூட ஆடுறவங்க மூஞ்சி முக்கியம்.

பெட்டாலிங் ஜெயா தம்பி: ரெண்டு வருஷம் ஆச்சு, வாரத்துல மூணு நாள் ஆடுறேன். ஆயிரம் வெள்ளிக்கு மேல போட்டு ப்ரோ ஆடுற ரெக்கெட் வாங்கலாமா?

உங்க பந்தெஹா (தலைக்கு மேல வர்ற பந்த பலமா அடிக்காம கட்டுப்பாடா வெட்டி அடிக்கிற ஷாட்) பத்துல ஏழு நீங்க நெனச்ச இடத்துல விழுதா? விழுதுன்னா யோசிக்கலாம். ஒரே பிராண்ட்லயே ஷேப் மாறும்கிறத பாருங்க, பபோலாட்ல டெக்னிக்கல் வைப்பர் டைமண்ட், ஏர் வைப்பர் டியர்டிராப், கவுண்டர் வைப்பர் ரவுண்ட். பேர பாத்து வாங்காம, கோர்ட்ல வாடகைக்கு இருந்தாலோ கூட்டாளி கிட்ட இருந்தாலோ வாங்கி முழுசா ஒரு மணி நேரம் ஆடுங்க, கடைசி இருபது நிமிஷம் தான் முக்கியம், கை சோர்ந்த பிறகும் வாலி அடிக்க ரெக்கெட் சரியான நேரத்துல உடம்புக்கு முன்னாடி வருதான்னு பாருங்க. வரலைன்னா அது உங்க ரெக்கெட் இல்ல, எவ்ளோ பெரிய ஆட்டக்காரர் பேரு அதுல போட்டிருந்தாலும் சரி.