ரவுண்ட்ஸ் தள்ளுவண்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

நான் குழந்தைகள் நலப் பிரிவில் முதலாண்டு பி.ஜி. போன வாரம் தர மேம்பாட்டுப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். பிரச்சினையின் காரணங்களைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் வரைபடம், ‘திட்டமிடு, செய், ஆராய், திருத்து’ என்று சுற்றிவரும் பி.டி.எஸ்.ஏ. சுழற்சி என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது. வார்டுக்குத் திரும்பினால் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள். ஆளும் கட்டிலும் கொடுத்தால் தரம் தானாக வராதா? தூங்கவே நேரமில்லாத எங்களுக்கு இது எதற்கு?

ர.

அன்புள்ள ர.,

ஆள் பற்றாக்குறை நிஜம்தான். சுழற்சி வரைந்து அதைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஆள் வந்தாலும் தீராத சங்கதிகள் உண்டு.

பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு மருத்துவமனையில், கிருமித்தொற்று சந்தேகம் உள்ள பச்சிளங்குழந்தைக்குக் காலையில் ஆன்டிபயாடிக் எழுதினால் முதல் ஊசி போட மதியம் ஆகிவிடும். ‘சிஸ்டர் லேட் பண்றாங்க’ என்பது எங்கள் ஏகமனதான தீர்ப்பு. ஒரு பி.ஜி. மாணவி மட்டும், ஆர்டர் எழுதிய நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் பத்து நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். இரவில் எழுதியவை சீக்கிரமே போடப்பட்டிருந்தன. இழுத்தவை எல்லாம் காலை ரவுண்ட்ஸில் எழுதியவை. காரணம், கேஸ் ஷீட்டுகள் தள்ளுவண்டியில் ஏறி எங்கள் பின்னாலேயே கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தன. ரவுண்ட்ஸ் முடிந்து புரொபசர் டீ குடிக்கப் போன பிறகுதான் சிஸ்டர் கைக்கே போகும். அந்தப் புரொபசர் நான்தான்.

மறுநாள் ஒரே ஒரு கட்டிலுக்கு, புது ஆர்டரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பார்த்தோம். சீட்டு யாரோ ஒருவர் கோட் பாக்கெட்டில் மடிந்துபோனது. அதற்கடுத்த நாள் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் கேஸ் ஷீட்டோடு பின்தங்கி நின்று, ஊசி போட்டதும் வந்து சேர்ந்துகொண்டார். அது நிலைத்தது. உங்கள் ஸ்லைடில் ஓடிய சுழற்சி இவ்வளவுதான்.

எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸுக்கு 28 வயது, பிரசவ வார்டில் உதவி மருத்துவர். பிணப் பரிசோதனை செய்துவிட்டு வருபவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது. இருந்தும் 1849-இல் அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. ‘உங்கள் கையால்தான் செத்தார்கள்’ என்றால் எந்தப் புரொபசர் கேட்பார்? அவரும் நயமாகப் பேசுகிற ஆள் இல்லை. பின்னாளில் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதம் எழுதினார். (என் மாணவி அந்த நோட்டை முதலில் சிஸ்டரிடம் காட்டினார், அப்புறம்தான் என்னிடம். கெட்டிக்காரி.)

டெல்லி எய்ம்ஸும் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவும் சேர்ந்து தயாரித்த பயிற்சிக் கையேட்டில் மொத்தம் நான்கு படிகள். முதல் படியிலேயே குழு சேர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் பயிற்சி அரங்கில் எத்தனை சிஸ்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள்? ஒருவரும் இல்லையென்றால் உங்கள் எரிச்சல் நியாயம்தான். லாக் புக்கில் (பி.ஜி. பயிற்சிப் பதிவேட்டில்) காட்டுவதற்காக மட்டும் செய்கிற புராஜெக்டும் அப்படித்தான். பரீட்சை முடிந்ததும் சுவரில் கிராஃப் கடைசிப் புள்ளியோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? லேபர் வார்டிலிருந்து வந்து சேரும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு உடம்புச் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் லேபர் வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.