23-ஆம் நாள் மறுபடி நகம் கடித்துவிட்டேன் என்றவருக்கு

22 நாள் நகம் கடிக்காமல் இருந்துவிட்டு, 23-ஆம் நாள் மீட்டிங்கில் கடித்ததும் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் போகவில்லைங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை என்று கணக்கிட்டார்கள், நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை.

எனக்கும் இதே பழக்கம் இருந்தது. கவனித்தால், விரல் வாய்க்குப் போகும் முன்பே கட்டைவிரல் மற்ற நகங்களில் பிசிறைத் தேட ஆரம்பித்துவிடும், தோளும் இறுகியிருக்கும். அந்த நொடியில் மேசைக்கு அடியில் கையை இறுக்கி மூடி, ஒன்றிரண்டு நிமிடம் மூச்சை மெதுவாக விடுங்கள். இப்படிப்பட்ட பழக்கங்களை விட 1973-இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய முறையின் அடிப்படை இதுதான். அப்புறம், பையில் ஒரு நகவெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.